நன்றாகத் தூங்குகிறவர்களின் துணி

பழைய துணியைக் கொண்டுபோய் நீட்டினால் டெய்லரக்கா முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

“இத உடுத்தினவிய எப்படித் தூங்குவாவ?”

துணி என்ன ரகம், எத்தனை வருஷம் உழைத்தது, எங்கே கிழிந்திருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். முதல்முறையாக வருகிறவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டாள். கழுத்தில் தொங்கும் இன்ச் டேப்பின் இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பாள்.

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடுவதில்லை. துவைத்துத் துவைத்து நைந்துபோன பருத்திதான் அதன் மேலுக்கு முதலில் பட வேண்டும். வீட்டில் நாலு பேரைப் பெற்று, பேரன் பேத்தி பார்த்து, நல்லபடியாக இருக்கிற ஒருவரின் பழைய வேட்டியையோ சேலையையோ கேட்டு வாங்குவார்கள். பெரும்பாலான வீடுகளில் அதைக் கிழித்துச் சுற்றிவிடுவதோடு சரி. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவைச் சுற்றியுள்ளவர்கள் மட்டும் அதை டெய்லரக்காவிடம் கொண்டுபோவார்கள். அவள் வெட்டி ஜப்லா தைத்துக் கொடுப்பாள்.

அந்த ஜப்லாவுக்குக் காலர் கிடையாது, பொத்தான் கிடையாது. முதுகுப்பக்கம் ஒரு நாடா முடிச்சு, அவ்வளவுதான். தையல் எல்லாம் வெளியே தெரிகிற மாதிரி இருக்கும். உள்ளே தடவிப் பார்த்தால் ஒரு நூல் தட்டாது. பிள்ளைக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்களே என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வதும், இல்லை, இது டெய்லரக்கா தைத்தது என்று வீட்டுக்காரர்கள் சொல்வதும் எங்கள் தெருவில் அடிக்கடி கேட்கிற பேச்சு.

நான் மெடிக்கல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தபோதே அவள் எதிர்வீட்டு ஜன்னலை ஒட்டி மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் தைப்பது, பாவாடை தைப்பது, சேலைக்கு ஓரம் அடிப்பது இவைதான் பிழைப்பு. ஜப்லா அதில் சேராது. “அது அவளுக்குப் பிடிச்ச கிறுக்கு தம்பி” என்பார் அவள் புருஷன். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். மத்தியானம் சாப்பிட வந்தால் கையலம்பின ஈரம் காயுமுன் குறட்டை விடுவார். அவருடைய வேட்டிகள்தான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சட்டையாகிப் போயின. கொடியில் காயப்போட்டதை உருவாமல் இருக்கிறாளே, அதுவரைக்கும் நல்லது என்று அவர் அலுத்துக்கொள்வார்.

எல்லோரும் ஆயுசைப் பார்ப்பார்கள், வசதியைப் பார்ப்பார்கள், குணத்தைப் பார்ப்பார்கள். இவள் ஏன் தூக்கத்தைப் பார்க்கிறாள்? எனக்கு அது பெரிய புதிராக இருந்தது. தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அவளுக்கு முதலில் பிறந்த பிள்ளை தூங்காமல் அழுதே போய்ச்சேர்ந்தது என்றார் ஒருவர். அப்படியொரு பிள்ளையே பிறக்கவில்லை என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நான் ஒருநாள் நேரடியாகவே கேட்டேன்.

“பிறந்த பிள்ளைக்கு என்னலே தெரியணும்? பால் குடிக்கது அதுவாத் தெரிஞ்சிரும். தூங்கத்தான் யாராவது சொல்லிக் கொடுக்கணும். மத்ததையெல்லாம் பெறவு ஸ்கூல்ல சொல்லித் தருவான்” என்றாள்.

“அப்படின்னா உங்க சேலையவே வெட்டலாம்லாக்கா?”

“நல்லாச் சொன்ன போ. என் துணியப் போட்டா பிள்ள விடிய விடிய முழிச்சுல்லா கிடக்கும்.”

உண்மைதான். அவள் தூங்கி யாரும் பார்த்ததில்லை. பால்காரர் வருவதற்கு முன்பே ஜன்னல் திறந்திருக்கும். மத்தியானம் தெருவே அயர்ந்து கிடக்கும்போது அவள் மட்டும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஒருநாளும் எங்கள் கடைக்கு வந்து தூக்கத்துக்கு மாத்திரை கேட்டதில்லை.

ஊரில் யார் யார் மாத்திரை போட்டுத் தூங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். டாக்டர் சீட்டோடு என்னிடம்தானே வருவார்கள். அதை நான் வெளியே சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. இது அக்காவுக்கும் தெரியும். அதனால் கேட்க மாட்டாள். என் முகத்தைப் பார்ப்பாள்.

ஒருமுறை ஜவுளிக்கடை முதலாளியின் சம்சாரம் கார் போட்டு வந்து இறங்கினார். முதல் பேரன் பிறக்கப்போகிறான். கணவருடைய மல் வேட்டியைச் சலவை செய்து, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்திருந்தார். அக்கா கேள்வியைக் கேட்டாள்.

“நல்லாத் தூங்குவாவ” என்றார் அந்த அம்மா.

அக்கா மெல்லத் திரும்பித் தெருவைத் தாண்டி என்னைப் பார்த்தாள். நான் இருமல் மருந்து பாட்டில்களை அடுக்க ஆரம்பித்தேன். அது அவளுக்குப் போதும். வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். பேசாமல் இருப்பதில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது.

“மாத்திரை போட்டா நல்லாத் தூங்குவாவ” என்றார் அந்த அம்மா கடைசியில், குரலைத் தாழ்த்தி.

“அது மாத்திரை தூங்குதது. அவிய தூங்குதது இல்லல்லா” என்றாள் அக்கா. பிறகு வாசலில் நின்ற காரைக் காட்டினாள். “அந்தா, அவரு யாரு?”

ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார் டிரைவர். வண்டி நின்று ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. அந்த வீட்டு வாரிசு டிரைவர் வேட்டியில் தைத்த ஜப்லாவைத்தான் முதலில் போட்டது. முதலாளிக்கு இன்றுவரை தெரியாது என்று நினைக்கிறேன். டிரைவருக்குத்தான் தர்மசங்கடம். வண்டி ஓட்டும்போதும் தூங்குவாரோ என்று முதலாளியம்மா சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார் என்று என்னிடம் வந்து புலம்பினார்.

அக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். பிரசங்கத்தில் தூங்குகிறவர்களைக் கணக்கில் எடுக்க மாட்டாள். அது அலுப்புத் தூக்கம், வீட்டுக்குப் போனால் வராது என்பாள். ஆனால் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வெளியூர்க் கூட்டம் வந்து இறங்கினால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. மத்தியானத்தில் தெருத்தெருவாகப் போய், கடை நிழலிலும் லாரிக்கு அடியிலும் படுத்துக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். ஒரு வருஷம் குருவிகுளம் பக்கத்திலிருந்து வந்த ஆட்டுக்காரர் ஒருவர், தலைமாட்டில் ஒலிபெருக்கி அலற, துண்டை விரித்துப் படுத்து அப்படியொரு தூக்கம் தூங்கினார். அக்கா அவர் எழுந்திருக்கும்வரை நின்றாள். எழுந்ததும் கையில் வைத்திருந்த புதுத் துண்டை நீட்டி, “இத வச்சுக்கிட்டு உங்க துண்ட எனக்குத் தாங்க” என்றாள்.

அவர் வெலவெலத்துப் போனார். “எதுக்கு? செய்வினை வைக்கவா?”

“எனக்குச் செய்வினையெல்லாம் தெரியாதுய்யா. நான் வேதக்காரி.”

“அப்பம் உங்க ஆளுக வேற என்னமும் வைப்பீயளோ?”

கடைசியில் நான் போய் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. மெடிக்கல்காரன் சொன்னால் மருந்துக்காக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, துண்டை உதறிக் கொடுத்தார். “கண்ணு பட்டுராம பாத்துக்கோங்க, எனக்கு இருக்கதே இந்தத் தூக்கம் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனை பேரிடம் கேட்டவள் என் துணியை ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. நானும் நன்றாகத்தான் தூங்குகிறேன்.

என் தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த வருஷம்தான் அப்பா இறந்தார். தறிக்கூடத்தில் நைட் ஷிப்ட் பார்த்தவர். தங்கைக்கு வளைகாப்பு நடந்த மாதத்திலேயே மாரடைப்பில் போனார். அவர் உடுப்புகளை எல்லாம் வழக்கப்படி வீட்டை விட்டு அகற்றிவிட்டார்கள். தங்கை மட்டும் ஒரு வேட்டியை யாருக்கும் தெரியாமல் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். தன் பிள்ளையின் மேல் அப்பாவின் துணிதான் முதலில் பட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த நாட்களைக் கடந்தாள்.

அம்மா கண்டுபிடித்துவிட்டாள். “செத்தவிய துணிய பச்சப்பிள்ளைக்குப் போடவா? உனக்கென்னட்டி கோட்டி பிடிச்சிருக்கா?” என்று சத்தம் போட்டாள். தங்கை சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். நிறைமாசம். எனக்கு யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. வேட்டியை எடுத்துக்கொண்டு இருவரையும் டெய்லரக்காவிடம் கூட்டிப்போனேன். இரண்டில் ஒன்று அவள் சொல்லட்டும்.

அக்கா வேட்டியைத் தொடவில்லை.

“இது உங்கய்யா விட்டுட்டுப் போனது. அவரு கழிச்சது இல்ல. எனக்குக் கழிச்ச துணிதான் வேணும்.”

“கழிச்சதுன்னா?” என்றேன்.

“இனி இது எனக்கு வேண்டாம்னு உடுத்தினவிய கையாலயே ஒதுக்குனது. உசிரோட இருக்கையில அவரு ஒதுக்குனது ஒண்ணு இருந்தா கொண்டா. அது செத்தவிய துணி ஆகாது. என்ன மயினி, சரிதானா?”

அம்மா யோசித்தாள். எப்படிப் பார்த்தாலும் அதில் குற்றம் சொல்ல அவளுக்கு வழி தெரியவில்லை. “சரிதான். ஆனா அவரு எதைக் கழிச்சாரு? கிழிஞ்ச பனியனக்கூடத் துவச்சுத் துவச்சுல்லா போட்டாரு” என்றாள்.

அதுதான் வினை. அப்பா எதையும் தூர எறிகிற ஆள் இல்லை. வேட்டி கிழிந்தால் நடுவே வெட்டி ஓரங்களைச் சேர்த்துத் தைத்துக் கட்டுவார். வீட்டைக் குடைந்தோம். தறிக்கூடத்தில் எண்ணெய் துடைக்கிற கந்தல் மூட்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தேன். எல்லாம் கறுப்பு. யாருடையது என்று எப்படித் தெரியும்? தங்கை வாசலில் நின்று என் கையைப் பார்ப்பாள். வெறுங்கை என்றதும் உள்ளே போய்விடுவாள்.

மூன்றாம் நாள் அடுப்படியில் இருந்து அம்மா சொன்னாள். “கரிவலத்துக்கு ஒரு வேட்டி போச்சுல்லா. வத்தல் போட.”

கரிவலம்வந்தநல்லூரில் அப்பாவின் தங்கை, என் அத்தை இருக்கிறாள். ஒரு கோடையில் வந்தபோது, கூழ் வத்தல் ஊற்றிக் காயவைக்க நல்ல துணி இல்லை என்று அவள் சொல்ல, அப்பா கொடியில் கிடந்த வேட்டியை எடுத்து, “இத வச்சுக்கோ, எனக்கு வேண்டாம்” என்று கொடுத்திருக்கிறார். அவர் வாழ்நாளில் வேண்டாம் என்று சொன்ன ஒரே வேட்டி அதுவாகத்தான் இருக்கும்.

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். வத்தல் டின்னுக்கு மேலே நாலாய் மடித்து வைத்திருந்தாள் அத்தை. விரித்துப் பார்த்தேன். வருஷா வருஷம் ஊற்றிய வத்தலின் வட்டங்கள் லேசாகப் பழுப்பேறி வரிசை வரிசையாகத் தெரிந்தன. சீரக வாசனை வந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் அத்தை வேட்டியை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“எங்கண்ணன் துணின்னு எனக்கு இருக்கது இது ஒண்ணுதாம்ல.”

மோர் கொடுத்தாள். குடித்தேன். வேட்டியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தாள். நான் கிளம்ப எழுந்தேன். அப்போது அரிவாள்மனையை இழுத்துப் போட்டு, வேட்டிக் கரையின் நடுவை அதில் வைத்து ஒரு கீறு கீறினாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று கிழித்தாள்.

“பாதி பிள்ளைக்கு. பாதி எனக்கு. நான் இனிமே பாதி வத்தல் போடுதேன், அவ்வளவுதான?” என்றாள். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

டெய்லரக்கா அந்தப் பாதியை வெந்நீரில் போட்டு அலசினாள். வாசனை போயிற்று, வட்டங்கள் போகவில்லை. காய்ந்ததை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலைக் கையில் எடுத்து, வெட்டாமல் எங்களைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

“உங்கய்யா எப்படித் தூங்குவாவ?”

அம்மா வாயைத் திறந்து எல்லாவற்றையும் கெடுத்தாள். “அவரு எங்க தூங்குனாரு? ராத்திரி பூரா தறி. பகல்ல கொஞ்சம் கண்ணசந்தா, கரண்ட் போச்சுன்னா பட்டுன்னு எந்திரிச்சு உக்காந்துக்கிடுவாரு.”

அக்காவின் கை தாழ்ந்தது. தங்கையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“அது கரண்டுக்கு இல்லம்மா” என்றாள் தங்கை. “தறி நிக்கும்லா, அதுக்கு. தறி ஓடுனா அப்பா நல்லாத் தூங்குவாவக்கா. நான் மேல ஏறி விளையாடுனாலும் எந்திரிக்க மாட்டாவ. சத்தம் நின்னாத்தான் முழிப்பாவ. லீவு நாள்ல தூங்கவே மாட்டாவ.”

அக்கா இன்ச் டேப்பின் நுனிகளைப் பிடித்துக்கொண்டு தங்கையையே பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் தெருவில் அது எப்போதும் இருக்கிற சத்தம்; அன்றைக்குத்தான் நான் அதைக் கேட்டேன்.

“இந்தச் சத்தத்துல ஒருத்தரு நல்லாத் தூங்குனாருன்னா அது தூக்கம்தான்” என்றாள் அக்கா. “பிள்ளையும் அப்படியேதான் தூங்கும். பெறவு என்னைச் சொல்லக் கூடாது.”

வெட்டினாள். மூன்று ஜப்லா வந்தது. மிஞ்சிய துணுக்கை அத்தைக்கு அனுப்பினாள். பிறந்தது பெண். வயிற்றுப் பக்கம் ஒரு வத்தல் வட்டம் தெரிய, அந்தத் தறிச் சத்தத்துக்கு நடுவே அது தூங்கின தூக்கத்தை என் தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அழுது தீர்த்ததும் சாப்பிட ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

வினை பின்னால் வந்தது. குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் தங்கையைக் கொடுத்திருந்தோம். காக்கை கத்தினால் நாலு தெருவுக்குக் கேட்கும். அப்படி ஓர் அமைதியான ஊர். பிள்ளையைக் கூட்டிப்போன மறுநாளே மாப்பிள்ளை மெடிக்கலுக்குப் போன் போட்டார்.

“மச்சான், உங்க மருமக ஊரையே எழுப்புதா. ஒரு பொட்டுத் தூங்க மாட்டேங்கா. ஏதாச்சும் டிராப்ஸ் இருக்கா?”

எதிரே அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். “கிரைண்டர் இருந்தா ஓட விடச் சொல்லுலே” என்றாள்.

சொன்னேன். கிரைண்டர் ஓடியது, பிள்ளை தூங்கியது. அந்த வீட்டில் மாசக்கணக்காகத் தினம் மாவாட்டினார்கள். தங்கையின் மாமியார் ஊருக்கே இட்லி ஊற்றிக் கொடுத்து அலுத்துப்போனார். வயிற்றில் இருக்கும்போதே தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளை, அதனால்தான் அப்படி என்று நான் விளக்கம் சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். அக்கா மறுக்கவில்லை. “அப்படியும் இருக்கும்” என்றாள், என்னை நம்பாத முகத்தோடு.

அந்தப் பிள்ளை வளர்ந்து, கல்யாணமாகி, இப்போது முழுகாமல் இருக்கிறாள். ஆன்லைனில் பெட்டி பெட்டியாகப் பிள்ளைத்துணி வந்து இறங்கிவிட்டது. இருந்தாலும் தங்கை போன் செய்து, “அண்ணே, டெய்லரக்கா எங்க இருக்காவன்னு தெரியுமா? யாரு துணிய எடுக்கலாம்னு அவிய சொன்னாத்தான் எனக்கு நிம்மதி” என்றாள்.

டைம் கீப்பர் புருஷன் காலமானதும் அக்கா தூத்துக்குடியில் மகன் வீட்டோடு போய்விட்டாள். முகவரி விசாரித்துப் போனேன். முன்னறையில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே நாற்காலியில், தலை ஒரு பக்கம் சரிந்து, அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். நைட்டி போட்டிருந்தாள். கழுத்தில் டேப் இல்லை. முதன்முதலாக அவள் தூங்கிப் பார்க்கிறேன். எனக்கு உட்காரக்கூடத் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன்.

“எழுப்பட்டா?” என்றாள் மருமகள்.

“வேண்டாம்மா. மாத்திரை எதுவும் சாப்பிடுதாவளா?”

“பிரஷருக்கு மட்டும்தான். தூக்கம் இங்கன வந்தபெறவு பிடிச்சதுதான். முன்னாடியெல்லாம் தூங்கவே மாட்டாவளாமே.”

நான் வந்த காரியம் மாறிப்போனது. அக்காவின் பழைய சேலை ஏதாவது இருக்கிறதா என்று மருமகளிடம் கேட்டேன். பீரோவின் அடித்தட்டிலிருந்து நைந்த பருத்திச் சேலை ஒன்றை எடுத்துவந்தாள். “நைட்டி போட ஆரம்பிச்சதும் அவியளே ஒதுக்கிப் போட்டது. கனக்கு, எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டாவ” என்றாள்.

சேலை என் கைக்கு வந்தபோது அக்கா கண் விழித்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“மெடிக்கல் தம்பியா?”

“ஆமாக்கா. தங்கச்சி மக உண்டாயிருக்கா. கிரைண்டர் பிள்ள.”

தலையாட்டினாள். கையை நீட்டிச் சேலையின் முந்தானையை இரண்டு விரலுக்கிடையில் வைத்து உருட்டிப் பார்த்தாள்.

“இத உடுத்தினவிய எப்படித் தூங்குவாவ?”

கேலிக்குக் கேட்கிறாளா, மறந்துபோய்க் கேட்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. அந்த முகத்தில் எனக்கு எதுவும் தெரிந்ததே இல்லை.

“நல்லாத் தூங்குவாவக்கா. டிவி அலறிக்கிட்டுக் கிடக்கும். ஆளு வந்து முன்னால நிக்கும். அவிய பாட்டுக்குத் தூங்கிக்கிட்டு இருப்பாவ.”

“மாத்திரை?”

“கிடையாது.”

அக்கா முந்தானையை விட்டாள்.

“அப்பம் வெட்டு. தையல வெளிய போடச் சொல்லு” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.